திரைக்குப் பின்னால் போன பீங்கான்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். நானும் அப்படித்தான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தேன். என் மனைவியின் உம்மா, எனக்கு மாமி, அதே வீட்டில்தான் இருந்தார். ஆனால் என்னோடு நேரே கதைத்ததில்லை. நான் உள்ளே வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு அறைத் திரைக்குப் பின்னால் போய்விடுவார். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். பகை ஒன்றுமில்லை. அவருடைய வெட்கம் அது, மரியாதையும்கூட. உண்மையில் எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

போன வருடம் மாமிக்குக் கண்ணில் ஒபரேசன் செய்தார்கள். கொஞ்சக் காலத்துக்கு அடுப்பின் சூடும் புகையும் முகத்தில் படக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனைவி சாகாமம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விடியச் சமைத்து, ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பஸ் ஏறுவாள். பகலில் என் துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, மைக்ரோவேவில் சூடாக்கி மாமிக்குக் கொடுப்பது என் வேலையானது. சோற்றுப் பீங்கானைத் திரைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு லுஹர் தொழப் போவேன்.

திரும்பி வந்தால் பீங்கானின் ஓரம் மட்டும் வெறுமையாக இருக்கும். நடுவில் ஒரு கை சோறும் கோழித்துண்டும் அப்படியே கிடக்கும். ஒபரேசனால் பசியில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, என் கையால் வைப்பது பிடிக்கவில்லையோ என்று மனம் கனத்தது. ஒரு வாரம் பொறுத்து மனைவியிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"உம்மாக்கு உங்களோட கோவம் ஒண்டுமில்ல. சோறு ஓரத்துல கொதிக்குதாம், நடுவுல ஐஸ் மாதிரி இரிக்காம். வயித்துக்கு ஒத்துக்காது எண்டு கோழியையும் தொடல்லயாம்."

"அத எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"மருமகனுக்கிட்ட எப்பிடிச் சொல்ற எண்டு கேக்கிறா."

அடுத்த நாள் கடையில் சாரத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதும் அதே யோசனைதான். 'ஆறிக் கிடக்கு' என்ற இரண்டு சொல்லை என்னிடம் சொல்வதைவிட அரை வயிற்றோடு இருப்பது அந்த மனுசிக்கு இலேசாக இருந்திருக்கிறது. மரியாதை என்று நான் நிம்மதியாக இருந்ததற்குள் இப்படியும் ஒன்று இருந்திருக்கிறதே.

அன்று பின்னேரம் மனைவி குசினியில் நின்று செய்து காட்டினாள். சோற்றைக் குவிக்காமல் பரத்தி நடுவில் இடம் விட வேண்டும். தடித்த இறைச்சித் துண்டு ஓரத்துக்கு. மூடிவைத்துத்தான் சூடாக்க வேண்டும். பாதியில் நிறுத்திக் கிளறி, மறுபடியும் வைத்து, நின்ற பிறகும் உடனே எடுக்காமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

"கடைசியா துண்டப் பிச்சுப் பாருங்க. உள்ளுக்கும் ஆவி பறக்கணும். பிரிட்ஜில இருந்த இறைச்சி அரைச் சூட்டுல இருந்தாத்தான் வயித்தக் கெடுக்கும்."

அதன் பிறகு பீங்கான் துடைத்ததுபோல் வெறுமையாக வந்தது.

ஒரு நாள் வழக்கமான பீங்கானைக் காணவில்லை. கண்ணாடி அலுமாரியிலிருந்து, ஓரத்தில் தங்கக் கோடு ஓடும் ஒன்றை எடுத்துச் சோறு பரத்தி மைக்ரோவேவில் வைத்துவிட்டு, தொழுகைக்கு ஒழுச் செய்யப் பைப்படிக்குப் போனேன். படபடவென்று ஒரு சத்தம்.

"மருமகன்! நிப்பாட்டுங்க, நெருப்புப் பறக்குது!"

ஓடி வந்து சுவிட்சை நிறுத்தினேன். பெட்டிக்குள் கருகிய மணம். திரைக்கு வெளியே, கறுப்புக் கண்ணாடியும் முக்காடும் சரிந்து கிடக்க, மாமி நின்றார்.

"கையில பட்டுதா?"

"இல்ல மாமி."

"அந்தக் கோடுதான் பொரிஞ்சிருக்கு. தங்கத் தண்ணி பூசினது இந்தப் பெட்டிக்கு ஆகாது போல."

பத்து வருடத்தில் மாமி என்னோடு நேரே கதைத்தது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டு, வேறு சோறும் கோழி ஆணமும் தங்கக் கோடில்லாத ஒரு பீங்கானில் வைத்துச் சூடாக்கினேன். ஸ்டூலில் வைத்துவிட்டு, வழக்கம்போல் போய்விடவில்லை. நின்று கேட்டேன்.

"மாமி, நடுவுல சூடு காணுமா எண்டு பாருங்க."

விரலால் தொட்டுப் பார்த்தார். "ஓம், நல்லாச் சுடுகுது. நீங்களும் போட்டுத் தின்னுங்க."

கண் குணமாகி மாமி அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். என்னைக் கண்டால் இப்போதும் முக்காட்டை இழுத்துவிடுகிறார், ஆனால் அறைக்குள் போவதில்லை. சென்ற வாரம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது குசினியிலிருந்து குரல் வந்தது.

"ஆணத்துல உப்புக் கூடிட்டு மருமகன், தேசிக்காய் புழிஞ்சு தின்னுங்க."

அவர் மகள், என் மனைவி, பக்கத்தில்தான் நின்றாள்.