எண்ணெய் விட்டாச்சோ?

போன வாரம் மோர்டன் பூங்காவில் ஒருவர் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊஞ்சல்களைச் சுற்றி வந்தார். நீலப் புகை. நான் உடனே தள்ளுவண்டியின் மழைத்திரையை இழுத்து மகளை மூடி, இருபது அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன். கடமை தவறாத தாய். பிறகு அதே தாய் நாலு எட்டு திரும்பி நடந்து வந்து, ஒரு தடவை, சரி, இரண்டு தடவை, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற எண்ணெயின் வாசனை அது. லேசாகத் தித்திக்கும். உடம்புக்குக் கெடுதலா என்று நான் இணையத்தில் தேடவில்லை. மற்ற எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டேன். இது ஒன்றையாவது தெரியாமல் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டின் பின்சந்தில் இருக்கும் கராஜ் ஒரு காலத்தில் முழுக்க இப்படித்தான் மணக்கும். அங்கே நாலு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. குவாட் என்பார்கள். டூ-ஸ்ட்ரோக், பந்தய ரகம், என்னைவிட மூன்று வயது மூத்தது. தெருவில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டியை லண்டனில் ஏன் வாங்கினீர்கள் என்று என் கணவர் நிரோஷனிடம் கேட்டேன். "சும்மா இருந்தது, பாவம்" என்றார். கட்டிய புதிதில் இதையெல்லாம் பதிலாக ஏற்றுக்கொள்கிறோம்.

நான் திருச்சி. அவர் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மோர்டனிலேயே வளர்ந்தவர். அவர் என்னை "நீர்" என்பார். "வாரும்", "இரும்" என்பார். முதல் ஆறு மாதம் யாரோ அரசவைக்கு அழைப்பதுபோலவே இருக்கும். போகப் போகப் பிடித்துவிட்டது. இப்போது கோபத்தில் "நீ" என்று சொன்னால்தான் பயமாக இருக்கிறது.

வண்டியைக் கழற்றுவதில் அவருக்குத் துணை குகன் அண்ணை. கிங்ஸ்பரியில் இருந்து ஞாயிறுதோறும் வருவார், ஸ்பானரோடு பாதி, வாயோடு பாதி வேலை செய்வார். மூன்றாவது ஆள் நான். தொழிலில் மென்பொருள் சோதிப்பவள். பழைய வண்டியின் பழுதுபார்க்கும் கையேட்டை அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த ஒரே மனுஷி உலகத்தில் நானாகத்தான் இருக்க வேண்டும். "தங்கச்சி, சோதனை வைக்கப் போறீரோ?" என்பார் குகன் அண்ணை.

அந்தக் கையேட்டில் படித்ததுதான்: இந்த வகை எஞ்சினுக்குள் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலிலேயே அளந்து கலக்க வேண்டும், முப்பத்திரண்டுக்கு ஒன்று. கலக்காவிட்டால் பிஸ்டன் காய்ந்து, சூடேறி, உருளையோடு ஒட்டிப் பிடித்துவிடும். கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். அதை ஊற்றும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். சமையலறை அளவுக்குவளையில் மூன்று முறை அளந்து ஊற்றினேன். பிறகு புதுக் குவளை வாங்கினோம்.

நிரோஷன் அதைப் பழுதுபார்த்ததோடு நிறுத்தவில்லை. வயிறு பெருத்த புதுப் புகைக்குழாய் போட்டார், காற்று கூடுதலாக இழுக்க வழி செய்தார், பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ற பித்தளைத் துளையை மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் ஏழாம் மாதத்தில் இருந்தேன். "பிள்ளை வர முந்தி ஒருக்கா ஓடிப்போட்டு வித்துப்போடுறன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு நாள். இரண்டு வருட உழைப்புக்கு அவ்வளவுதான் கேட்டார்.

அந்த ஞாயிறு, கென்டில் ஒரு பண்ணை. வண்டி ஓட்டுகிறவர்களுக்காக வயலைத் திறந்துவிடுவார்கள். நான் மடக்கு நாற்காலியில் என் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். குகன் அண்ணை காலி கேனை வேனில் வைத்துக்கொண்டிருந்தார். நிரோ வண்டிக்கு அடியில் படுத்துச் சங்கிலியை முறுக்கிக்கொண்டே கேட்டார்:

"எண்ணெய் விட்டாச்சோ?"

"ஆமா, விட்டாச்சு" என்றேன். கியர் பெட்டி. டிக் போட்டேன்.

முதல் சுற்றில் அவர் எழுந்து நின்று கையசைத்தார். ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு இருந்திருக்கும். இரண்டாம் சுற்றில் பின்சக்கரங்கள் இறுகி, வண்டி சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே நான் அழுதுவிட்டேன்.

வீட்டில் கழற்றியபோது பிஸ்டனின் பக்கமெல்லாம் கத்தியால் சுரண்டியதுபோல் இருந்தது. "இது காய்ஞ்சுபோய்க் கிடக்கே" என்று குகன் அண்ணை தொடங்கினார். நிரோ அவசரமாக, "ஜெட் சின்னனாப் போச்சு அண்ணை, என்ரை பிழை" என்றார். அன்றிலிருந்து குகன் அண்ணைக்கு அவர் 'ஜெட் எஞ்சினியர்'. கோயிலில் வைத்தும் அப்படித்தான் கூப்பிடுவார். வண்டி இரண்டு பெட்டிகளில் யாருக்கோ போனது.

எனக்குத் தெரியும், ஜெட் இல்லை. அவர் கேட்டது பெட்ரோலில் கலக்கும் எண்ணெய். நான் சொன்னது கியர் எண்ணெய். என் ஒரு 'ஆமா'வில் போனது அந்த ஒரே நாள். சொல்லத்தான் நினைத்தேன். பிரசவம் ஆகட்டும் என்றிருந்தேன், பிறகு பல் முளைக்கட்டும் என்றிருந்தேன். அந்தக் குற்ற உணர்விலேயே மாமியார் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது வாயைத் திறக்கவில்லை. என்னிடம் நாலு பெயர்கள் அட்டவணையாக இருந்தன.

பூங்காவிலிருந்து வந்த அன்று மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

"நான் கேட்டது பெட்ரோலையப்பா! டாங்குக்கு விட்டாச்சோ எண்டு. எங்கடை ஆக்களுக்கு எண்ணெய் எண்டால் அதுதான். நீர் சொல்லுறதை நாங்கள் ஒயில் எண்டுதானே சொல்லுறது."

கல்யாணமாகி ஐந்து வருடம். காருக்குப் போடுவதை அவர் ஆங்கிலத்திலேயே சொல்வார். ஊர்த் தமிழ் வருவது வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதுதான். அன்று டாங்கு நிறைந்துதான் இருந்தது. ஆக, நான் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன், கேள்வி தெரியாமலே. மூன்று வருடச் சுமை இறங்கியது. மாமியார் வைத்த பெயர்கூட அழகாக இருப்பதாகத் தோன்றியது.

அதோடு எழுந்து போயிருக்கலாம். சோதிப்பவளுக்கு அடுத்த கேள்வி வந்துவிடுகிறதே.

"அப்போ கேன்ல ஆயில் யார் கலக்கணும்?"

"நான்தான்."

"கலந்தீங்களா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தார். "மறந்துபோனன்."

ஊசிக்குழாயில் சொட்டுச் சொட்டாக அளக்கிற மனிதர். "நீங்களா?"

"முதல் நாள் பின்னேரம் அளந்துகொண்டு நிக்கேக்க நீர் கூப்பிட்டனீர்."

நினைவு வந்தது. பிள்ளை அசையவில்லை என்று மாடியிலிருந்து கத்தினேன். மருத்துவமனைக்குப் போனோம். வயிற்றில் கருவியை வைத்ததும் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. குளிர்ந்த தண்ணீர் குடித்ததும் உதை விழுந்தது. அவர் கையிலிருந்த பெட்ரோல் நாற்றத்துக்குத் தாதி ஜன்னலைத் திறந்துவிட்டாள். காலையில் கலக்காத கேன் அப்படியே வேனில் ஏறியிருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"சொன்னால் நீர் அதையும் தூக்கிக்கொண்டு திரிவீர். ஜெட் எஞ்சினியர் எண்டு கேக்கிறது அதைவிடச் சுகம்."

என் விடுதலை அரை நிமிடம் நீடித்தது என்று நினைக்கிறேன்.

இப்போது கராஜில் குழந்தையின் சின்னதாகிப்போன காலணிகளும் மடக்கிய தொட்டிலும் இருக்கின்றன. கதவைத் திறந்தால் அட்டைப்பெட்டி வாசனை. அவர் நகங்கள் சுத்தமாகிவிட்டன. இன்றும் மகள் இருமினால் நான் மாடியிலிருந்து கூப்பிடுகிறேன். "ஒண்டும் இல்லை, பயப்பிடாதேயும்" என்று கீழேயிருந்து பதில் வருகிறது. பதில் மட்டும். நாற்பது தடவை கூப்பிட்ட பிறகு யாரும் அப்படித்தான் ஆவார்கள். நானே அவருக்குப் பரிந்து பேசுவேன். அவர் சொல்வதும் சரிதான், ஒவ்வொரு முறையும் ஒன்றும் இருப்பதில்லை.

அன்றும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் எண்ணெய் அளந்துகொண்டிருந்த ஊசிக்குழாயை அப்படியே போட்டுவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தார்.