முடிஞ்சா ஒரு எட்டுப் பாருங்க

எங்கள் வீட்டுக்காரருக்கு யாரிடமும் ஒரு வேலை சொல்லத் தெரியாது. சொல்வார், ஆனால் கேட்கிறவருக்கு அது வேலை என்றே தெரியாது. "உங்களுக்குத் தோதுப்பட்டா, சிரமமில்லீன்னா, முடிஞ்சா ஒரு எட்டுப் பாருங்க, இல்லீன்னாலும் பரவால்லீங்க" என்று அவர் முடிக்கும்போது, சொல்ல வந்த காரியம் எங்கேயோ வரப்போரம் விழுந்து கிடக்கும். எங்கள் அன்னூர்ப் பக்கத்தில் இதற்குப் பெயர் மரியாதை. எனக்கு இது தலைவலி.

ஒரு தடவை வெளியூர் போனபோது பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விடும்படி இப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாமா இவரையும் மிஞ்சிய மரியாதைக்காரர். பரவாயில்லை என்று சொன்ன பிறகு அடுத்தவர் மோட்டாரில் கை வைப்பது முறையா என்று சும்மா இருந்துவிட்டார். நாற்று கருகியது. திரும்பி வந்ததும் இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். யாரைத் திட்டுவது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

போன தை மாதம் காரமடையில் நாத்தனார் மகன் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியாது, தாய்மாமன் பெண்டாட்டியும் போகாமல் முடியாது. ஆனால் கட்டுத்தரையில் என் மாடு நிறைசெனையாக நின்றது. கன்றாக இருந்தபோதிலிருந்து நான் வளர்த்தது, இதுதான் முதல் கன்று, தலையீத்து. மாட்டு டாக்டர் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார். அதன் மடியைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலையீத்தில் கன்று சிக்கிக்கொண்டால் இரண்டு உயிரும் போய்விடும்.

இந்த முறை மாமா வீட்டுக்கு நானே போனேன். "மாமா, நாளைக்கு விடிஞ்சதுமே எங்க கட்டுத்தரைக்கு நீங்க வந்தே ஆகணுங்க. மாடு படுத்துப் படுத்து எந்திரிச்சா அந்த எடத்தை உட்டு நகரக் கூடாதுங்க" என்றேன். கூட வந்த வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். நான் விடவில்லை. சொன்னதையெல்லாம் மாமாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்தார்.

வீட்டுக்கு வந்து அதையே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன். தண்ணிக்குடம் உடைந்தபின் என்ன வரும், முன்னங்கால்களும் மூக்கும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கையை வைத்து இழுக்க வேண்டாம், அரை மணி நேரம் அப்படியே நின்றால் டாக்டரைக் கூப்பிடவும், கன்று விழுந்ததும் பழைய துணியால் மூக்கையும் வாயையும் துடைக்கவும். கீழே டாக்டர் நம்பர், என் நம்பர். எல்லாவற்றையும் எழுதிக் கட்டுத்தரைத் தூணில் ஒட்டினேன்.

"வாயில சொன்னதை எழுதி வேற ஒட்டணுமா? மாமாவை நம்பாத மாதிரி இருக்குது புள்ள" என்றார் இவர்.

"மாமாவை நம்பறேனுங்க. மாமா எங்கியாவது போயிட்டா, காதுல வாங்கினதும் அவரோடயே போயிருமில்லீங்க" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அப்படியே பலித்துவிட்டது.

மறுநாள் முகூர்த்த நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன். மாமாவின் மருமகள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். உடுமலைப்பேட்டையில் நெருங்கின சொந்தத்தில் ஒரு சாவு என்று மாமாவும் அத்தையும் விடியுமுன்பே கிளம்பிவிட்டார்கள். "தூண்ல எழுதியிருக்குது, பாத்துக்க கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் அதுவரை மாட்டைத் தொட்டதே இல்லை.

"அக்கா, தாள்ல காலும் மூக்கும்னு எழுதியிருக்கற வரிக்கு வந்துட்டேனுங்க. இழுக்க வேண்டாம்னு போட்டிருக்கீங்க. கையைக் கட்டிட்டு நிக்கறேன்."

மேடையோரம் ஒதுங்கிப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. அதற்குள்ளே அவள் குரல்: "விழுந்துருச்சுங்க அக்கா. தொடைக்கணும். துணி எங்கீங்க? அதை எழுதலீங்களே."

எழுதவில்லைதான். என் வீட்டுத் துணி இருக்கும் இடம் ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். மேளத்தை மீறித் தொண்டை கிழியக் கத்தினேன். பாழாய்ப்போன மேளம் அந்த நொடி பார்த்து நின்றது. "அவரோட பழைய வேட்டி மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால தொங்குது, எடுத்து நல்லாத் தொடச்சு உடு கண்ணு" என்பது மண்டபம் முழுக்கக் கேட்டது.

புது வேட்டியில் மேடையில் நின்றிருந்த தாய்மாமனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"மூச்சு உடுதுங்க. கெடேரிக் கன்னுங்க அக்கா. அம்மாக்காரி நக்கறா" என்றாள் அவள். நான் அழுதுவிட்டேன், அத்தனை சந்தோஷம். மணமக்களைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று பெண் வீட்டு அம்மாவும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பறந்து வந்தோம். கன்று தள்ளாடிக்கொண்டே மடியை முட்டியது. தூணில் என் தாளின் கடைசியில், துணி எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். "நாந்தானுங்க தேங்ஸ் சொல்லணும்" என்றாள். "கல்யாணமாகி வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும், உனக்குத் தெரியாததா கண்ணுன்னு அன்பாச் சொல்லிடறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க அக்கா. தெரியாதவளுக்குன்னு ஒருத்தர் எழுதி வெச்சதை இன்னைக்குத்தான் பாத்தேன்."

சீம்பால் காய்ச்சவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். முதலில் வாயால் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். அடுப்பைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் முதல் வரியாக, உங்கள் வீட்டில் வெல்லம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டுக்கொள்ளவும் என்று எழுதினேன்.