டேப்புக்குள் இருந்த குரல்

என் கணவர் போடிமெட்டு மலைச்சாலையில் ஜீப் ஓட்டியவர். காலையில் ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கிவிடுவார். சில வருடங்களுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ஆமா" என்ற ஒரே சொல்தான் வரும். வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. எழுத்தும் பிடிபடாமல் போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாதான் ஒரு டேப், அதாவது டேப்லெட், வாங்கச் சொன்னார். திரையில் படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லை அது பேசும். ஆனால் அதிலிருந்த மிஷின் குரல் இவருக்குப் பிடிக்கவே இல்லை. கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வழி கண்டுபிடித்தவன் என் தம்பி. ஜீப் ஓட்டிய நாட்களில், சிக்னல் கிடைக்கும் வளைவில் வண்டியை ஓரங்கட்டி, இவர் எனக்குப் போனில் பேசிப் பதிந்து அனுப்புவது வழக்கம். "மாமா அனுப்பினதெல்லாம் ஒம் போன்ல கெடக்குமே, கொண்டாக்கா" என்று வாங்கிப்போன தம்பி, அந்தப் பதிவுகளிலிருந்து சொல் சொல்லாகவும், சிலதை முழுசாகவும் வெட்டியெடுத்துப் படங்களோடு சேர்த்தான். அதிலிருந்து இவர் தன் சொந்தக் குரலிலேயே பேசினார். "வேணாம்" என்று சொன்னால்கூடப் பின்னால் ஜீப் உறுமும்.

அந்தப் போன் அப்புறம் மழையில் நனைந்து செத்துப்போனது. குரல் டேப்பில் இருக்கிறதே என்று நானும் கவலைப்படவில்லை.

ஒரு நாள் காலையில் குளிக்க வெந்நீர் கேட்க அவர் படத்தைத் தொட்டார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு "சுடுதண்ணி, சுடுதண்ணி, சுடுதண்ணி" என்று அது மொத்தமாகக் கொட்டியது. அதோடு சரி, எந்தப் படத்தைத் தொட்டாலும் அசையவில்லை. சார்ஜ் போட்டு வைத்திருந்தபோது அதுவாகவே அப்டேட் ஆகியிருந்தது. திரையைத் துடைத்தேன். பட்டன்களை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டேன். படங்கள் வந்தன, விரலுக்குத்தான் மதிப்பில்லை.

தட்டில் இட்லி வைத்தேன். தள்ளிவிட்டு "ஆமா" என்றார். சட்னி வேண்டாமா, பசி இல்லையா, வயிறு சரியில்லையா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாதான். கடைசியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த முதல் நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

நான் போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். முதலாளிக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிட்டு, டேப்பைப் பைக்குள் வைத்துக் கிளம்பினேன். இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இருவரும் பஸ்சில் போனோம்.

டேப் வாங்கிய செல்போன் கடைக்காரரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உறையைக் கழற்றினார், வேறு சார்ஜரில் போட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த அப்டேட்டு வந்ததுல இருந்து இதே சோலிதான் தங்கச்சி. ரீசெட் போட்டுட்டா வெரசா சரியாயிரும். ஆனா உள்ள இருக்கறது பூரா அழிஞ்சிரும். போட்டுறவாண்ணே?"

கடைசிக் கேள்வி இவருக்கு. இவர் எட்டி டேப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆமா! ஆமா!" என்று கத்தினார்.

"அண்ணனே சொல்லிட்டாரு" என்று பாய் பட்டனில் விரலை வைத்தார்.

"பாய், வேணாம்! அவரு வேணாங்கறாரு!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பாய் கையை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆமாவுக்கு என்ன அர்த்தம், உள்ளே இருப்பது யார் குரல் என்று நான் சொன்னேன். "மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி" என்று அவர் ஸ்டூலை இழுத்து இவரை உட்கார வைத்தார்.

குரலை முதலில் வேறெங்காவது எடுத்து வைக்க வேண்டும். விரல் வேலை செய்யாமல் எப்படி எடுப்பது? பாயின் கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடந்த மவுஸ் என் கண்ணில் பட்டது.

"இத அதுல சொருக முடியுமா பாய்?"

"அட, முடியுமே!" டிராயரைக் கிளறிச் சின்ன இணைப்பு ஒன்றை எடுத்து மாட்டினார். டேப் திரையில் ஓர் அம்புக்குறி வந்து நின்றது. நகர்த்தினால் தடங்கலில்லாமல் நகர்ந்தது. அதை வைத்தே பதிவுகளையெல்லாம் அவர் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். சரியாக வந்திருக்கிறதா என்று பாய் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கடை முழுக்க ஜீப் சத்தம். நடுவில் இவர் குரல்: "மெட்டு எறங்கிட்டேன், சோத்த வையி புள்ள." பாய் இவரை நிமிர்ந்து பார்த்தார். இவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இனி அழிந்தாலும் பரவாயில்லை என்ற தைரியம் எனக்கு வந்தது. ரீசெட்டுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று மவுஸைப் பிடித்து செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். தொடுதிறனைக் கூட்டும் ஒரு சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"இது எதுக்கு பாய்?"

பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அண்ணன் அழுத்தி அழுத்தித் தொடுறாருன்னு தடி கண்ணாடி ஒட்டிக் குடுத்தேன்ல, அதுக்காக நாந்தான் அன்னிக்கு இத ஆன் பண்ணேன். அப்டேட்டு அணைச்சுப்புட்டுது!"

சுவிட்சைப் போட்டோம். விரலுக்கு அசைந்தது, ஆனால் இழுத்து இழுத்து. உள்ளே இடமும் நிறைந்திருக்கிறது என்று பாய் வேண்டாத வீடியோக்களை அழித்து, அணைத்துப் போட்டார்.

படங்கள் வந்தன. இவர் விரலை வைத்தார். "வேணாம்" என்றது டேப், உடனே, ஜீப் உறுமலோடு. பாயைப் பார்த்தபடியே இன்னொரு தடவை அழுத்தினார். "வேணாம்."

"புரிஞ்சுதுண்ணே, புரிஞ்சுது! போடவே மாட்டேன்" என்று பாய் கும்பிட்டார். நான் சிரித்தேன். கண்ணீரும் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

பதிவுகளை ஒரு பென்டிரைவிலும் என் போனிலும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பஸ்சில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். பளீரென்ற வெயிலில் "ஏய், மழ பேயுது, துணிய எடு" என்று டேப் சத்தம் போட்டதும், முன் சீட்டில் இருந்த பெண்கள் வெளியே பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டிய நான், அவர் முகத்தைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.