மூன்று புள்ளி வைத்த முன்பாதி

லேத் கடைக்குக் கொடுப்பதற்கு முதல்நாள், என் கியூவின் முன்பாதியைக் கதவுநிலையோடு நிமிர்த்தி வைத்து, நுனி முட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அதோடும் மனம் ஆறவில்லை. அடிமுனையின் ஓரத்தில் ஊசியால் மூன்று புள்ளி குத்தினேன்.

“என்ன செய்யிறீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அடையாளம் வெக்கிறன் புள்ள. ஆத்துல போட்டாலும் அளந்து போடு எண்டு சும்மாவா சொன்னாங்க?”

“நீங்க அளந்து முடியிறதுக்குள்ள ஆறு வத்திப் போகும்.”

பூல் என்கிற மேசைப் பந்தாட்டம் விளையாடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கியூ என்பது பந்தை அடிக்கிற கம்பு, இரண்டு பாதி. பருத்த பின்பாதி கைப்பிடிக்குள் இருக்கும். அதன் தலையில் ஒரு திருகாணி. மெல்லிய முன்பாதி விரல்களுக்கு மேலே வழுக்கி ஓடும். அதன் அடியில் பித்தளைக்குள் புரி வெட்டியிருக்கும். திருகினால் இரண்டும் ஒன்று. தோஹாவில் சாரதியாக இருந்த காலத்தில் வாங்கியது என்னுடையது. அண்மையில் மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்து பின்பாதி பிளந்துவிட்டது. மனைவியின் தம்பி, என் மச்சான், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது புதிய பின்பாதி ஒன்று கொண்டுவந்தார். அதன் ஆணி பருமன். என் முன்பாதியின் புரியோ மெல்லிசு. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று உள்ளே விடவில்லை. முன்பாதியின் புரியை மாற்றினால்தான் சேரும்.

முழுதாகப் புதிதே வாங்கலாமே என்றார்கள். பின்பாதி எதுவாகவும் இருக்கலாம். முன்பாதி அப்படியல்ல. எட்டு வருடம் என் இடக்கை விரல்களில் ஓடிய மரம் அது. அதைப் போல இன்னொன்று கிடைக்காது.

கல்முனையில் தேடிப் பார்த்தேன், அந்த வேலை செய்ய ஆளில்லை. சம்மாந்துறையில் நெல் ஆலைச் சாமானும் உழவு இயந்திரச் சாமானும் கடைகிற லேத் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் என்னைவிட வயதில் இளையவர்; என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். நான் முன்பாதியை மட்டும் நீட்டினேன்.

“ஆணி எங்க காக்கா?”

“அது வீட்ட இரிக்கி.”

“காலைக் காட்டாமச் செருப்புத் தைக்கச் சொல்றீங்களே.”

இரண்டு பாதியையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் முழுக் கியூவும் அவர் கையில் அல்லவா? அதுதான் என் கணக்கு. மறுநாள் பின்பாதியைக் கொண்டுபோனேன். ஆணியை அளந்து முடித்த கையோடு அதைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டேன்.

“அதையும் வெச்சிட்டுப் போங்க, பூட்டிப் பாக்கோணும்.”

“தேவையெண்டா போன்ல கூப்பிடுங்க தம்பி, கொண்டுவாறன்.”

அவர் என் உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அறுவடை நேரம். வெட்டு மெசின் சாமான் குவிஞ்சி கிடக்கு. அஞ்சு நாள் போகும்,” என்றார்.

விரல் அளவு பித்தளைக்கு ஐந்து நாளா? மூன்றாம் நாள் அரிசி வாங்குகிற சாட்டில் அந்தப் பக்கம் போனேன். லேத்தில் ஏதோ தடித்த இரும்பு சுழன்றுகொண்டிருந்தது. என் முன்பாதியைக் காணவில்லை.

“உள்ளுக்கு இரிக்கி காக்கா.”

“ஒருக்காப் பாக்கலாமா?”

“இப்ப எடுக்க ஏலா.”

மரக்கம்பு ஒன்றை ஏன் எடுக்க முடியாது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மேல் தவக்கல் வை, பாரத்தை அவனிடம் விடு என்பார்கள். நான் அடுத்தவன் பட்டியில் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, வேலிக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் கொடுத்தார். அங்கேயே பின்பாதியைப் பூட்டிப் பார்த்தேன். சுகமாகத் திருகிப் போய் அமர்ந்தது; சேருமிடத்தில் நகம் நுழைய இடமில்லை. புறப்படும்போது ஒரு முறுக்கிய பையைக் கையில் திணித்தார். “இந்தாங்க, பழைய சாமான்.”

எங்கள் பக்கத்து வேலைக்கடைகளில் அது வழமை. எதை மாற்றினாலும் கழற்றிய பழையதை உடையவன் கையில் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் போகிற வழியில் வாய்க்காலுக்குள்தான் போகும். நான் அதை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே போட்டுக்கொண்டு, மாவடிப்பள்ளிப் பாதையால் வீடு வந்தேன்.

வந்ததும் கதவுநிலைக்குப் போனேன். நுனி கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது.

அடிமுனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை. கையில் பாரம் குறைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், புதுநெல் வாசம் அடித்தது. என் கம்புக்கு ஏது நெல் வாசம்?

“மரம் தேயுமா புள்ள?”

“எனக்கெப்பிடித் தெரியும்? அந்த லேத்துத் தம்பிட்டக் கேளுங்க.”

கேட்கவில்லை. கேட்டால் சமாளிப்பார் என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்றைக்கு அது என் நினைவில் வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து மாடியிலிருந்த பூல் அறைக்குப் போனேன். மச்சான் வந்திருந்தார். மேசைக்காகச் சம்மாந்துறை ஆலைக்காரர் ஒருவர் காத்திருந்தார்.

“மச்சான், இது என்ட இல்ல. மாத்திட்டான்.”

“மெதுவாக் கதைங்க.”

“ஏன் மெதுவா? மூணு புள்ளி வெச்சனான். ஒண்டையும் காணல்ல. அரை விரல் குறைவு வேற.”

யார், எந்தக் கடை என்று ஆலைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தக் கம்பாலேயே விளையாடி இரண்டு ஆட்டம் வென்றேன்.

“அடுத்தவன்ட கம்பால நல்லாத்தானே அடிக்கிறீங்க,” என்றார் மச்சான். “நல்லதைத் தந்துட்டுக் கெட்டதையா களவெடுத்தான்?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: “அதுலதான் அவன்ட கெட்டித்தனம்.”

மாலை அஸர் தொழுகைக்கு முன் என் தொலைபேசி அடித்தது. லேத்காரர். எப்போதும் அவர் குரலுக்குப் பின்னால் கேட்கிற இயந்திரச் சத்தம் இல்லை.

“காக்கா, நான் உங்கட கம்ப மாத்திட்டனாம். மில்காரர் தன்ட சாமானத் திருப்பிக் கேக்காரு, வேலை பாதியில கிடக்கு. வெட்டுக் காலத்துல ஆக்கள் ஏறி இறங்குற கடை. களவெடுக்கிறவனெண்டு பேர் வந்தா எவன் வருவான்?”

திரும்பி வந்து மேசையருகே நின்ற ஆலைக்காரரைப் பார்த்தேன்.

“பழைய சாமானத் தொறந்து பாத்தீங்களா?” என்றார் லேத்காரர்.

கீழே இறங்கிப் போய் மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கி, பையைப் பிரித்தேன். பழைய பித்தளை. அதைச் சுற்றி வளையல் மாதிரி அரை விரல் உயர மரத்துண்டு. அதன் ஓரத்தில் மூன்று புள்ளி.

“அடி மயிர்வெடிப்பு விட்டிருந்திச்சி,” என்றார் அவர் காதுக்குள். “வெட்டாமப் புதுசு இறுக்கினா பொளந்திடும். நீங்க பாக்கோணும் எண்டுதானே கையில தந்தன்.”

வெட்கமில்லாமல் இன்னொன்றும் கேட்டேன். “நெல்லு வாசம்?”

“கடல்காத்துல ஊறின மரம் காக்கா. ஈரத்தோட தொளை போட்டா பிறகு புரி ஆடும். ஈரம் வத்தக் காஞ்ச நெல்லுச் சாக்குக்குள்ள நாலு நாள் நட்டு வெச்சன். அதான் எடுக்க ஏலா எண்டன்.”

களவைப் பிடிக்க நான் வைத்த அடையாளம், புரி மாற்றினால் முதலில் கத்தி விழுகிற இடத்தில் இருந்திருக்கிறது. மேலே ஏறிப் போய் அந்த வளையத்தை ஆலைக்காரர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் மூன்று புள்ளியையும் தடவிப் பார்த்துவிட்டு, “வாங்க, போவம்,” என்றார்.

மூவருமாகச் சம்மாந்துறைக்குப் போனோம்.

“பொறுத்துக்கங்க தம்பி,” என்றேன். மச்சானும் ஆலைக்காரரும் கேட்கத்தான் சொன்னேன்.

“சரி காக்கா.”

ஆலைக்காரர் தன் சாமானை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சம்மதித்தார். ஆனால் புறப்படுமுன் பெஞ்சில் கிடந்த சோக்குக்கட்டியை எடுத்து, இரும்பின் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தார். லேத்காரர் அதைக் கண்டார். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

இப்போதும் ஏதாவது வேலைக்கு அங்கே போவேன். சலாம் சொல்லி உள்ளே காலை வைத்ததும், அவர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்து லேத்துக்குப் பக்கத்தில் போடுவார்.

“இரிங்க காக்கா. கண்ணெடுக்காமப் பாருங்க.”

முடியும்வரை இருப்பேன். சுருள் சுருளாக இரும்புச் சீவல் வந்து என் சாரன் மடியில் விழும். சூடாகத்தான் இருக்கும். கதிரையைத் தள்ளிப் போட எனக்கு வாய் வருவதில்லை.