காயட்டும் என்று வைத்த உறை

ஞானப்பிரகாசம் சார் இறந்துபோன செய்தி எனக்குத் தபாலில் வந்தது. இந்தக் காலத்தில், கையில் போனை வைத்துக்கொண்டு எமரால்டு என்கிற மலையூரில் வீட்டோடு இருக்கும் எனக்கு, தபாலில். வந்ததும் நான் அதைப் பிரிக்கக்கூட இல்லை. அவர் பழக்கிவைத்தபடி அரிசி டப்பாவின் கீழே வைத்தேன். அவரை அறிந்த உங்களுக்கு இது புரியும், எரிச்சலும் வரும். அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

அலுவலகங்களில் தபால்தலை ஒட்டுவதற்குப் பதிலாக ஓர் இயந்திரம் உறையின் மேல் முத்திரை அடிக்கும். தொகை, ஊர், தேதி, சில சமயம் பக்கத்தில் ஒரு விளம்பர வரி. ஃபிராங்கிங் என்போம். ஊரார் குப்பையில் போடும் அந்த முத்திரையைத்தான் ஞானம் சார் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். தபால்தலை சேர்ப்பவர்களே அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. என்னையும் சேர்த்து நாலு பேரை இந்தப் பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டார்.

இழுத்த விதத்தைக் கேளுங்கள். அப்போது நான் குந்தாவில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். அங்கே முத்திரை அடிப்பது என் வேலை. ஒருநாள் குன்னூரிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் அங்கே தேயிலை ஏலத் தரகர் ஒருவரிடம் கணக்கு எழுதுபவர், முன்பின் தெரியாதவர். ‘தங்கள் அலுவலக முத்திரை தொடர்ந்து கோணலாக விழுகிறது. நேராக அடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ எங்கள் அதிகாரி அதை ஏதோ பெரிய புகார் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். அடுத்த வாரம் அந்த மனிதரே பஸ் ஏறி வந்து என் மேஜை முன்னால் நின்றார். கையில் நான் அடித்த கோணல்கள்.

“ஏனுங்கம்மா, இத்தனை நல்ல மெஷினை வெச்சுக்கிட்டு இப்படி அடிக்கலாமுங்களா?”

நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் நிஜமாகவே துக்கம் இருந்தது. உட்காரச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மகள் மெர்சியின் கல்யாணப் பத்திரிகை கதை உங்களில் பலருக்குத் தெரியும். முதலாளியிடம் கேட்டு, பணமும் கட்டி, எல்லாப் பத்திரிகைகளையும் அலுவலக இயந்திரத்தில் முத்திரை அடித்து அனுப்பினார். முத்திரைக்குப் பக்கத்தில் ‘மலைத் தேநீர் பருகுவீர்’ என்று ஒரு வரி வேறு. மாப்பிள்ளையின் பெரியப்பா அதைத் தேயிலைக் கம்பெனி விளம்பரம் என்று ஓரமாகப் போட்டுவிட்டு, பத்திரிகையே வரவில்லை என்று கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார். “நீங்களாச்சும் இவருக்குச் சொல்லுங்க. சம்பந்தி ஊட்டுல தலை காட்ட முடியலீங்க” என்று ஞானம் சாரின் மனைவி என்னிடம் அழாத குறை. நானும் போய்ச் சொன்னேன். “அவரு வராட்டிப் போறாருங்க. எழுத்து எத்தனை சுத்தமா விழுந்திருக்குது பாருங்க” என்றார். இந்த மனிதரோடு என்ன பேசுவது?

எங்கள் மலையின் ஈரம்தான் அவருக்குப் பரம எதிரி. மூடுபனியில் நனைந்து வரும் உறையில் விரல் பட்டால் மை இழுவிவிடும். அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். உறை வந்ததும் கனமான எதன் கீழாவது வைத்து ரெண்டு நாள் காயவிட வேண்டும். பிறகு அடிப்பக்கமாகப் பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். “முதல்ல முத்திரை, அப்புறந்தான் சேதி” என்பார். அவசரமான சேதியாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். “அவசரம்னா போன் பண்ண மாட்டாங்களா?” என்றார். அவர் வாயால் சொன்னது இது.

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. தபால்காரர் கொடுத்த உறையில் ஞானம் சாரின் கையெழுத்தில் என் முகவரி. முத்திரை அவருடைய பழைய அலுவலகத்துடையது, அவ்வளவு நேராக விழுந்திருந்தது.

“யாரு?” என்றார் என் கணவர்.

“ஞானம் சாருங்க.”

“என்னவாம்?”

“காயட்டும், பார்த்துக்கலாம்.”

அன்று சாயங்காலம் வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளிக்கிழமை காலை பிளேடால் கீறினேன். உள்ளே சிலுவை போட்ட அட்டை. ஞாயிறன்று காலமானார், கனடாவிலிருந்து மகன் வந்துசேர்ந்ததும் வியாழக்கிழமை அடக்கம் என்று இருந்தது. வியாழக்கிழமை முழுவதும் அது என் வீட்டில்தான் இருந்தது. அன்று நான் இரண்டு முறை அந்த டப்பாவிலிருந்து அரிசி எடுத்தேன்.

அன்றே குன்னூருக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும், துக்க வீடு என்றும் பாராமல், “ஏன் சார், உங்களுக்கு அறிவிருக்கா?” என்று கத்திவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மெர்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து பூரா வாசலையேதான் பார்த்துட்டிருந்தேனுங்க ஆன்ட்டி. இப்ப வந்துருவீங்க, இப்ப வந்துருவீங்கன்னு.”

“ஒரு போன் பண்ணக் கூடாதா கண்ணு?”

“அப்பா கூடாதுன்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில இருக்கும்போதே உங்க நாலு பேரு அட்ரசையும் அவங்களே எழுதி வெச்சுட்டாங்க. கோணலா விழாம பார்த்துக்கோன்னு வேற சொன்னாங்க.”

மற்ற மூன்று பேர் வந்தார்களா என்று கேட்டேன்.

“யாருமே வரலீங்க.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாலு வீட்டில் நாலு உறை காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அத்தனை ஒழுங்காக எங்களைப் பழக்கியிருக்கிறார். அழுகையோடு சிரிப்பும் வந்தது, மெர்சிக்கும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“நானும் சண்டை போட்டேனுங்க, போன்லயே சொல்லிடலாம்னு. ‘போன்ல சொன்னா அழுதுட்டு மறந்துருவாங்க, கண்ணு. கவர்ல போனா பத்திரமா வெச்சிருப்பாங்க’ன்னாங்க.”

பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், சார். முத்திரை நேராக இருக்கிறது. மை கொஞ்சமும் இழுவவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்க்கவில்லை.