ஏரிக்கரையில் ஒரு சஹன்

எண்பத்திரண்டாம் வருஷம், பிப்ரவரி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. இதமான வெயில், லேசான காற்று. தலைக்கு மேலே வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கிழக்கே மலைகளின் உச்சியில் மட்டும், கரித்துணியை யாரோ காயப்போட்ட மாதிரி ஒரு கறுப்பு. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மலை அங்கே இருந்தது, நாங்கள் இங்கே இருந்தோம்.

வாப்பா ராஸ் அல் கைமாவில், சிமெண்டு ஆலைக்குப் போகிற சாலையில் மளிகைக்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும்தான் கடைக்குப் பூட்டு. வேறு விடுமுறை கிடையாது. அந்த வருஷம் மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய அணையில் முதல் தடவையாகத் தண்ணீர் நின்றது. செய்தி தொழிலாளர் கேம்ப் கேம்பாகப் பரவியது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "ஏரி பாத்தாச்சா பாய்?" என்று கேட்டார்கள். பெண் பார்க்க வருகிற விருந்தாளிகளை எங்கள் இரண்டு அறை வீட்டில் நெருக்கி உட்கார வைப்பதைவிட ஏரிக்கரையில் உட்கார வைப்பது கௌரவம் என்று வாப்பா முடிவு செய்தார்.

பெண் என்பது என் அக்கா. லாத்தா என்று கூப்பிடுவேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. பார்க்க வந்தவர்கள் துபாயில் மூன்று கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர், அவருடைய மனைவி, அவர்களுடைய ஒரே மகன். அந்த மகன்தான் மாப்பிள்ளை. மூன்று கடை என்ற எண்ணை உம்மா அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லாத்தாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊரில் பேச்சு வரும், பிறகு நல்ல இடமே வராது. ஆகவே அன்று எதுவும் தப்பாகிவிடக் கூடாது. தப்பாகக் கூடியவற்றில் முதல் இடம் எனக்கு. எனக்கு வயது பன்னிரண்டு.

அந்த ஏரியில் இன்று மிதிபடகு விடுகிறார்கள். வாசலில் சீட்டு, ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை, ஐஸ்கிரீம் வண்டி, பொம்மை ரயில். ஷார்ஜாவிலிருந்து என் மகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது செருப்புகளுக்குக் காவலாக என்னையும் அழைத்துப்போகிறான். படகில் ஏறுகிறவர்களை எண்ணி அனுப்புவேன், இறங்கும்போது மறுபடி எண்ணுவேன். நடுவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்காருவேன். வியூ அந்தப் பக்கம் என்று பேத்தி ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுப்பாள். எனக்கு வேண்டிய வியூ இந்தப் பக்கம்தான்.

அன்று இடம் தேர்ந்தெடுத்தவர் வாப்பா. ஏரியின் கரை முழுக்கக் கூர்க்கல். ஆனால் மலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் வாதி, அதாவது மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆறு, மெத்தை மாதிரி மணல் விரித்துக் காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கரை. ஒரு பக்கக் கரையின் நிழல் மணலில் விழுந்திருந்தது. கடற்கரை ஊரில் பிறந்தவருக்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. அவர் முன்யோசனை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஏரித்தண்ணீரின் ஓரம் வரை நடந்துபோய்ப் பார்த்து, அங்கிருந்து முப்பது தப்படி பின்னால் வந்து பாயை விரிக்கச் சொன்னார். தண்ணீர் ஏறினாலும் இவ்வளவு தூரம் வராது என்றார். எங்கள் ஊரில் தண்ணீர் எப்போதும் முன்னாலிருந்துதான் வரும்.

விருந்தாளியின் புதுக் காரை மாப்பிள்ளை மணலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். எங்கள் பிக்கப்புக்குப் பேட்டரி பலவீனம், சரிவில் உருட்டினால்தான் கிளம்பும். அதனால் அது மேலே கரையிலேயே நின்றது.

வாதியின் மேல்பக்கம், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் பெண்களுக்குப் பாய். மாப்பிள்ளை கண்ணில் லாத்தா படக்கூடாது; அவனுடைய உம்மா பார்த்துச் சொன்னால் போதும். பாறைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு பெரிய தட்டில், சஹனில், சோற்றைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. விருந்தாளி, மாப்பிள்ளை, வாப்பா, நாலாவது ஆளாக நான். ஏரி தெரிகிற இடம் விருந்தாளிக்கு. அவருக்கு இருபுறமும் மற்ற இருவர். எதிரில் மிச்சமிருந்த இடத்தில், ஏரிக்கு முதுகைக் காட்டி நான்.

சஹனில் உட்கார்ந்தால் ஒரு சட்டம் உண்டு. விருந்தாளி கையை எடுக்கும் வரை யாரும் எழக்கூடாது. வயிறு நிறைந்துவிட்டால் விரலைச் சோற்றில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். பாதியில் எழுந்தால் 'உங்களோடு உட்கார எனக்குப் பிடிக்கவில்லை' என்று அர்த்தம். உம்மா இதை எனக்கு ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தாள். மூன்று கடை போனால் உன்னாலதாண்டா போகும் என்றுகூடச் சொல்லிவைத்திருந்தாள்.

விருந்தாளி நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஒரு வாய் நெய்ச்சோறு, ஒரு கதை. முதல் கடை எப்படி வந்தது என்று சொல்லி முடிக்க ஒரு நல்லி எலும்பு ஆயிற்று. இரண்டாவது கடைக்கு அவர் வந்தபோது என் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. காற்றில் மண் நனைந்த வாசம். நிமிர்ந்து பார்த்தேன். மலை உச்சியில் இருந்த கறுப்பு, மலையின் பாதி வரை இறங்கியிருந்தது.

மேலே கரையில் ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் வந்து நின்றார். கம்பை ஆட்டி ஏதோ கத்தினார். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி எங்கள் பக்கம் எறிந்தார். அது பாய்க்கு அருகில் விழுந்தது.

விருந்தாளி சிரித்தார். "என்ன மச்சான், ஒங்க ஏரிக்கு வாடகை கேக்குறானா?"

"சாப்பிட்டு முடிச்சுக் குடுத்துருவோம். நீங்க வெச்சுக்கங்க, தால்ச்சா ஊத்தவா?" என்றார் வாப்பா.

இரண்டாவது கல் விழுந்தது. மாப்பிள்ளை திரும்பி, கல் காரில் படுமா என்று பார்த்தான்.

அப்போதுதான் பாறையின் அடியில் மணல் நிறம் மாறுவதைக் கண்டேன். வெள்ளை மணலில் ஒரு பழுப்புக் கோடு, விரல் அகலம், நெளிந்து நெளிந்து வந்தது. அதன் முனையில் நுரை. நுரையில் ஆட்டுப் புழுக்கைகள், முள், ஒரு பழைய ரப்பர் செருப்பு.

"வாப்பா, தண்ணி வருது."

வாப்பா ஏரியைப் பார்த்தார். ஏரி அசையாமல் கிடந்தது. என்னைப் பார்த்து முறைத்தார். "உக்காருடா. மாமா பேசிக்கிட்டிருக்காஹல்ல?"

என் வலது கை சோற்றில் இருந்தது. கோடு இரண்டாயிற்று, மூன்றாயிற்று. விருந்தாளி மூன்றாவது கடைக்குப் போகத் தயாராக இன்னொரு எலும்பை எடுத்தார். பாறைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடம் எங்களுக்கு மேல்பக்கம். எது வந்தாலும் அங்கேதான் முதலில் வரும். எழுந்தால் அவள் கல்யாணம் போய்விடும். எழாவிட்டால் அவளே போய்விடுவாள். இப்படி வார்த்தைகளில் நான் யோசிக்கவில்லை. கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

எழுந்தேன். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாப்பா பல்லைக் கடித்தது காதில் விழுந்தது. "பையனுக்குச் சபை பழக்கம் இல்லையோ?" என்றார் விருந்தாளி. நான் எச்சில் கையோடு பாறைக்கு ஓடி, மூன்று பெண்களையும் பார்த்து எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்று கத்தினேன். மறுகணம் சத்தம் வந்தது. தகரக் கூரைமேல் மூட்டை மூட்டையாய் அரிசியைக் கொட்டினால் வருகிற சத்தம். மேலே வாதியின் திருப்பத்தில் ஒரு முள்மரம் வேரோடு, நின்ற நிலையிலேயே நடந்து வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மூன்று நான்கு நிமிடங்களுக்குள் இருக்கும். முதலில் எழுந்தவன் மாப்பிள்ளை. நேராகக் காருக்குள் பாய்ந்து, மணலைப் பீய்ச்சியடித்து, எதிர்க்கரையின் சரிவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வாப்பா பெண்கள் பக்கம் ஓடி, உம்மாவையும் விருந்தாளியின் மனைவியையும் பிக்கப் நின்ற கரைமேல் தள்ளி ஏற்றினார். நான் திரும்பிப் பார்த்தபோது விருந்தாளி சஹனுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் சம்மணம் போட்டதில் கால் மரத்துப்போய்விட்டது. பாதி எழுந்து மறுபடி விழுந்தார். பழுப்புத் தண்ணீர் அவர் மடியை நனைத்தது.

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். மூட்டை மாதிரி இருந்தார். நகரவில்லை.

பாறையைச் சுற்றிக்கொண்டு லாத்தா வந்தாள். முக்காடு கழுத்தில் கிடந்தது, கொலுசு தெரியப் பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அவரைத் தொடலாமா, அவர் தன்னைப் பார்க்கிறாரா என்ற எதுவும் அவளிடம் இல்லை. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரிங்க மாமா! சோத்தைப் பாக்காதீங்க, சோறு எங்கயும் கெடைக்கும். டேய், நீ அந்தப் பக்கம் பிடி!"

முழங்காலளவு தண்ணீரில், உருண்டு வரும் கற்கள் கணுக்காலில் மோத, நாங்கள் அவரை இழுத்தோம். கரையில் வாப்பாவும் அந்த ஆட்டுக்காரக் கிழவரும் குப்புறப் படுத்துக் கைகளை நீட்டினார்கள். விருந்தாளி மேலே போனார். லாத்தா என்னைத் தூக்கி எறிகிற மாதிரி ஏற்றினாள். அவள் ஏறுவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. வாப்பா அவள் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். கீழே எங்கள் சஹன், பாதி நெய்ச்சோறோடு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி ஏரியை நோக்கிப் போயிற்று.

எண்ணிப் பார்த்தேன். ஆட்டுக்காரரை விட்டுவிட்டு ஆறு பேர். ஏழாவது ஆள் எதிர்க்கரையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஆறு முழு அகலத்துக்கு ஓடிற்று. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, வாயருகே கையைக் குவித்துக் கத்தினான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"வாப்பா! காருக்கு ஒண்ணும் ஆகல! கீறல் மட்டும்தான்!"

விருந்தாளி தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் ரத்தம், ஒரு காலில்கூட ஷூ இல்லை. சாப்பிட உட்காரும்போது கழற்றி வைத்தது ஏரிக்குப் போய்விட்டது. ஆட்டுக்காரர் தன் தலைத்துணியை அவிழ்த்து அவர் காலைக் கட்டினார். லாத்தா முக்காட்டைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு பிக்கப்புக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்கு அழுகையாக வந்தது. மாப்பிள்ளையும் பார்த்துவிட்டான், மாமாவையும் தொட்டுவிட்டாள், அதட்டியும் விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் விருந்தாளி வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், பொண்ணு பாத்தாச்சு. இந்தப் புள்ளைதான் எங்க வீட்டுக்கு. கைக்கூலி, நகை எதுவும் நான் கேக்க மாட்டேன்."

உம்மா அந்த ஈரத்திலும் வானத்தைப் பார்த்துக் கையேந்தினாள். வாப்பா மட்டும் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாப்பிள்ளை கைக்குட்டையால் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்ஷா அல்லாஹ், சொல்றேன்" என்றார் வாப்பா.

தண்ணீர் வடிய மாலையாயிற்று. அன்று கடை திறக்கவில்லை.

மறுநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா அடுப்படி வாசலில் நின்று லாத்தாவைக் கேட்டார். "நீ என்னம்மா சொல்றே?"

லாத்தா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஹாரன் நல்லாத்தான் இருந்துச்சு வாப்பா."

வாப்பா சிரிக்க ஆரம்பித்தார். லாத்தாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர இருவரும் சிரித்தார்கள். ஹாரனில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உம்மாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வாப்பா கடை போனிலிருந்து துபாய்க்குப் பேசினார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். புள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மன்னிச்சுக்கங்க மச்சான், நம்ம சிநேகம் அப்படியே இருக்கணும் என்றார். போனை வைத்ததும் உம்மா மூன்று கடை, மூன்று கடை என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் கோபம்தான். வேண்டும் என்று ஏங்கியது, கைக்கூலி என்கிற வரதட்சிணைகூட இல்லாமல் வீடு தேடி வந்தபோது, அதை ஏன் ஒரு மனிதர் திருப்பி அனுப்ப வேண்டும்? ஏரி பார்க்கப் போனோம், எல்லாவற்றையும் ஏரியில் விட்டோம், கடைசியில் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டோம்.

நம்முடைய விருந்துக்கு வந்தவர் வெறுங்காலோடு போகக்கூடாது என்று சொல்லி, வாப்பா அதே மாதிரி ஒரு ஜோடி ஷூ வாங்கி, துபாய் போகிற லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, அந்த நாளின் செலவைக் கூட்டச் சொன்னார். சஹன் இரண்டு, பாய் இரண்டு, தெர்மோஸ், ஐஸ் பெட்டி, என் செருப்பு, ஆட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்த தலைத்துணி, விருந்தாளியின் ஷூ. கூட்டித் தொகையைச் சொன்னேன்.

"மலிவுதான்" என்றார் வாப்பா. வாய்விட்டுச் சொன்னார், சந்தோஷமாகச் சொன்னார்.

ஒரு பிளாஸ்டிக் வாளியின் விலைக்கே மொத்த வியாபாரியோடு அரை மணி நேரம் வாதாடுகிறவர் அவர். நான்தான் கூட்டலில் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை மறுபடி கூட்டினேன். அதே முந்நூற்று நாற்பத்தெட்டு திர்ஹம்.