அத்தை கொடுத்த ஓவன்

கருகிய திராட்சைக்கு ஒரு வாசனை உண்டு. முதலில் இனிப்பாக வந்து, பிறகு தொண்டையைப் பிடிக்கும். தம்போயில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில், டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சமையலறையிலிருந்து அந்த வாசனை கிளம்பிப் பின்சந்து முழுக்கப் பரவும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "ரீத்தா, ஹாங்குஸ் லா!" என்று கத்துவார், கருகுது பார் என்று. அம்மா ஈரக்கையோடு ஓடுவாள். கிறிஸ்மஸ் என்றதும் மற்றவர்களுக்கு நட்சத்திர விளக்கும் குடிலும் நினைவுக்கு வருகின்றனவாம். எனக்கு வருவது இந்தக் கருகல்தான். "அந்தக் காலத்துக் கிறிஸ்மஸ் மாதிரி வருமா" என்று யாராவது என் முன்னால் பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரவே வேண்டாம், போனது போனதாகவே இருக்கட்டும்.

கருகியதற்குக் காரணம் ஓவன். அதை எங்கள் ஓவன் என்று எழுதக் கை வரவில்லை. அது பிலோமி அத்தை கொடுத்தது. அப்பாவின் அக்கா அவள். சிங்கப்பூரிலிருந்து புது ஓவன் வாங்கி வந்த கையோடு, பழையதை லோரியில் ஏற்றி எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கோவில் வாசலில், கல்யாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும், "ரீத்தாவுக்கு ஓவன் நான்தான் குடுத்தேன்" என்று ஒரு தடவை சொல்லிவிடுவாள். அம்மா செய்த கேக்கை ஒருவர் பாராட்டிவிட்டால் போதும், எங்கிருந்தாலும் அத்தையின் காதில் விழுந்துவிடும், ஓவன் பேச்சும் கூடவே வந்துவிடும்.

அத்தையின் கணவர் அந்தோணி மாமா தம்போய்க் கடைவரிசையில் மின்சாரச் சாமான் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஓவன் கெட்டால் அவர்தான் வர வேண்டும். வேறு ஆளைக் கூப்பிடக் கூடாது. இது எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். தாய் இல்லாமல் தோட்டத்தில் வளர்ந்த அப்பாவை அத்தைதான் தூக்கி வளர்த்தாளாம். அதனால் அப்பாவுக்கு அக்கா என்றால் வாய் அடைத்துவிடும். செனாய் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை அத்தனை நெரிசலிலும் ஏய் ஊய் என்று அதட்டி ஓட்டுகிற மனுசன், அக்காவின் முன்னால் மட்டும் பேச மாட்டார். "மச்சான் கடை இருக்கும்போது வெளியாளு வந்து நம்ம சாமான்ல கை வச்சா, அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்பார். அவர் முழிப்பதற்காக நாங்கள் கருகிய கேக்கைச் சுரண்டித் தின்றோம்.

மாமா சொன்ன நாளில் வந்ததே கிடையாது. வருகிற நாளில் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார். கறி இருக்கிறதா என்று முதலில் சட்டியைத் திறந்து பார்ப்பார், பிறகுதான் ஓவனின் முதுகைத் திறப்பார். அவர் கூடவே ஒரு கறுப்பு வாளி வரும். மற்றவர்கள் வீட்டில் செத்துப்போன ஓவன்களிலிருந்தும் சோறாக்கும் மின்சாரச் சட்டிகளிலிருந்தும் பிடுங்கிய பாகங்கள் அதில் கிடக்கும். கடையின் அலமாரியில் புதுச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் வரிசையாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெட்டியில் இருந்தது ஊருக்கு, வாளியில் இருந்தது எங்களுக்கு. எங்கள் வீட்டில் உருப்படாத எதையும் "வாளிச் சாமான்" என்றுதான் சொல்வோம், அப்பா காதில் விழாமல்.

மாமா "தெர்மோ" என்று சொல்லும் தெர்மோஸ்டாட்தான் சூடு ஏறியதும் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டும். அவர் வாளியிலிருந்து எடுத்து மாட்டிய தெர்மோ எதையும் வெட்டாது. திருகியை எந்த எண்ணில் வைத்தாலும் ஓவன் பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே போகும். அதை அடக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்வாள், பிறகு போட்டுவிட்டு இன்னும் ஒரு பத்து மணி. கேக் வேகிற வரைக்கும் அணைப்பதும் போடுவதும் அருள்நிறை மரியேயும்தான். எங்கள் வீட்டிலிருந்து மாதாவுக்கு அத்தனை ஜெபம் போனது பக்தியால் என்று பங்குச் சாமியார் நினைத்திருக்கலாம். தெர்மோ கெட்டிருந்ததால் போனது. நடுவில் யாராவது வாசலில் கூப்பிட்டு மாலை தடைப்பட்டுவிட்டால், பின்சந்திலிருந்து "ஹாங்குஸ்" வந்துவிடும்.

அப்படிப்பட்ட கேக்கைப் பார்த்துத்தான் அத்தை உதட்டைப் பிதுக்குவாள். "ஓவன் நல்ல ஓவன் லா. நான் எத்தன வருசம் செஞ்சேன். அவ கைதான் சரியில்ல." இதைக் கோவில் பெண்கள் நடுவில், அம்மா நிற்கும்போதே சொல்வாள். ஓவன் கெட்டுப்போன ஓவன் என்று அம்மா பதில் சொன்னால் மாமாவின் ரிப்பேரைக் குறை சொன்னதாகிவிடும், அப்பாவின் தலை குனிந்துவிடும். ஆகவே அம்மா சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம், பங்குச் சாமியார் கிறிஸ்மஸ் காலைத் திருப்பலிக்குப் பிறகு நடக்கும் தேநீர் விருந்துக்கான கேக்குகளை அம்மாவிடம் செய்யச் சொல்லிவிட்டார். அதுவரை அது அத்தையின் உரிமை. அத்தனை அவதியிலும் தப்பித்து வந்த அம்மாவின் கேக்கை அவர் எங்கேயோ சாப்பிட்டிருக்கிறார். சாமியார் சொன்னதும் அம்மாவின் முகம் சிவந்துபோனது. அவள் கையைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்கெல்லாம் ஒரே நாளில் பதில் சொல்லிவிடலாம். சொதப்பினால் "நான்தான் சொன்னேனே" என்று அத்தை சாகும்வரை சொல்வாள். அத்தை அன்றைக்கு "ரொம்ப சந்தோசம்" என்று சொன்னாள். சந்தோசத்தில் யாருக்கும் அப்படித் தாடை இறுகாது.

திருவருகைக் காலத்தின் நடுவில் ஓவனின் அடிக்கம்பி அறுந்தது. கீழிருந்து சூடு கொடுக்கிற கம்பி அதுதான், அது இல்லாமல் கேக்கின் அடி வேகாது. மாமா வந்து, சாப்பிட்டு, அறுந்த கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். நாட்கள் போயின, ஆள் வரவில்லை. "போய் மாமாகிட்ட ஞாபகப்படுத்திட்டு வா, பதமா கேளு" என்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள்.

நான் போய் வாசலில் நின்றபோது மாமா அலமாரியிலிருந்து ஒரு புதுக் கம்பியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டிருந்தார். கல்லாவில் அத்தை உட்கார்ந்திருந்தாள். "புதுசு எதுக்கு?" என்றாள். "அது கடைக்கு வர்றவங்களுக்கு வச்சது. வாளில ஒன்னு கெடக்கு பாருங்க, அத மாட்டுங்க. அவங்களுக்கு இது போதும்." மாமா பெட்டியைத் திருப்பி வைத்தார். அத்தை அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பதறுவாள் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "என்னடி நிக்கிற, உள்ள வா, மைலோ குடிக்கிறியா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்படியே அம்மாவிடம் கொட்டினேன். "சும்மா இரு. பெரியவங்க பேச்சு உனக்கெதுக்கு" என்று அடக்கிவிட்டாள். அந்தச் சனிக்கிழமையே மாமா வாளியோடு வந்தார், கறியும் சோறும் சாப்பிட்டார், வாளியில் கிடந்த கம்பியை மாட்டினார், "இனி பத்து வருசத்துக்குக் கவல இல்ல" என்று பல் குத்திக்கொண்டே போனார்.

மறுநாள் அம்மா வெள்ளோட்டமாக ஒரு கேக் போட்டாள். ஜெபமாலை தடைப்படவில்லை, யாரும் கூப்பிடவில்லை. வெளியே எடுத்தபோது பின்பாதி கரி, முன்பாதி பச்சை மாவு. அந்த நேரம் பார்த்து அத்தை வந்து சேர்ந்தாள், வேவு பார்க்கத்தான் வந்திருப்பாள். கத்தியால் கேக்கைக் குத்திப் பார்த்து, "அடடா" என்றாள். "ரீத்தா, ஒனக்கெதுக்கு இந்தக் கஷ்டம்? கோவில் கேக்க நானே செஞ்சிடறேன். சாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன் லா." அப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாளிதழை மடித்தார், விரித்தார்.

அத்தை போன பிறகு அம்மா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அன்னிக்குக் கடையில அத்த என்ன சொன்னாங்க? திருப்பிச் சொல்லு."

சொன்னேன். கூடத்தில் நாளிதழின் சத்தம் நின்றது.

அடுத்த நாள் எங்கள் வாசலில் ஆ லெங் என்ற சீனரின் வேன் வந்து நின்றது. வெளிக்கடை ரிப்பேர்க்காரர் ஒருவரின் வேன், பெரிய எழுத்தில் பெயர் போட்டது, பட்டப்பகலில், தாமானே பார்க்கும்படி. இன்னொரு குடும்பத்தில் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் குடும்பத்தில் இதற்குச் சண்டை என்று அர்த்தம். ஆ லெங் ஓவனின் முதுகைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "காக், இனி சியாபா பாசாங்?" என்று கேட்டார். அக்கா, இதை யார் மாட்டியது என்று. கம்பி ஏதோ ஒரு சின்ன ஓவனுடையது, பின்பக்கத்தோடு நின்றுவிட்டது, கதவுப் பக்கம் எட்டவே இல்லை. தெர்மோவின் உள்ளே இரண்டு தகடுகளும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன, யார் என்ன திருகினாலும் அது வெட்டப்போவதில்லை. அவர் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்துப் புதியவற்றை மாட்டினார். சாப்பிடச் சொன்னதற்கு, வேலை இருக்கிறது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். "எங்கக்கா மூஞ்சில கரியப் பூசிட்ட" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. அம்மா கேக்குகளைப் போட ஆரம்பித்தாள். ஓவன் தானாகவே அணைந்தது, தானாகவே எரிந்தது. பழக்க தோஷத்தில் அவள் கை சுவர் சுவிட்சுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கேக் வேகும்போது அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேக்குகள் ஒரே நிறத்தில், நாலு பக்கமும் ஒரே உயரத்தில் வந்தன. கிறிஸ்மஸ் காலையில் கோவில் மண்டபத்தில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. சாமியார் ஒலிபெருக்கியில் அம்மாவின் பெயரைச் சொன்னார். அத்தை தேநீரை மட்டும் குடித்தாள்.

கிறிஸ்மஸ் அன்று சொந்தக்காரர் வீடுகளுக்குள் பலகாரத் தட்டு போய் வரும். அத்தையின் தட்டு முதலில் எங்களுக்கு வரும், அதைக் கழுவி, எங்கள் பலகாரத்தை வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், வெறும் தட்டாக அனுப்பக் கூடாது. சண்டையானாலும் அந்த வருடமும் தட்டு வந்தது. மத்தியானம் அம்மா உள்ளே போய் அதை நிரப்பி, பூப்போட்ட துணியால் இறுக்கக் கட்டி என் கையில் கொடுத்தாள். கனத்தது. "பிரிச்சுப் பாத்து என்ன இதுன்னு கேப்பாங்க. 'உங்களுக்கு இது போதும்னு அம்மா சொன்னாங்க'ன்னு சொல்லு. இத மட்டும் சொல்லு." அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அப்பா கேக் என்று நினைத்துப் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார்.

அத்தை வீட்டுக் கூடம் நிறைய விருந்தாளிகள். அத்தை எல்லார் முன்னாலும் துணியை அவிழ்த்தாள். தட்டில் அந்தக் குட்டைக் கம்பியும், உருகிப்போன தெர்மோவும் இருந்தன, சுற்றிலும் அம்மா சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியிருந்தாள். முதலில் புரிந்துகொண்டது மாமாதான், தன் வாளிச் சாமான் அவருக்குத் தெரியாதா. "அலமாக்" என்று முனகினார். அத்தை என்னைப் பார்த்து, "என்னடி இது?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை வந்து என் தோளை நசுக்கியது. "தெரியாம மாறி வந்துருச்சுக்கா, வர்றோம்" என்று என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சொல்ல வேண்டியது என் வாயிலேயே நின்றுவிட்டது. அதற்காக அப்பாவை நான் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தட்டும் வரவும் இல்லை, போகவும் இல்லை. ஓவன் நாங்கள் வீடு மாறும் வரை உழைத்தது, பழைய நாளிதழ் வாங்கும் லோரி ஒலிபெருக்கியோடு வந்த ஒரு நாளில் அதில் ஏறிப் போனது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். இன்றைக்கு ஓவன் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். ரிப்பேர் என்ற பெயரில் யாரும் வந்து சட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. நல்லதுதான்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு, அம்மாவின் கைப்பக்குவத்தில் நானே கேக் செய்திருந்தேன். பிலோமி அத்தையை அவள் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். காது மந்தம், கண் மங்கல், வாய் மட்டும் அப்படியே இருந்தது. ஜெபம் முடிந்து தட்டு கைக்கு வந்ததும், பக்கத்திலிருந்த கோவில் பெண்களிடம் ஆரம்பித்தாள். "ரீத்தா கேக் நல்லாத்தான் செய்வா. ஓவன் நான் குடுத்தது லா. இல்லேன்னா அவளுக்கு ஏது கேக்கு." பிறகு காலித் தட்டை என் பக்கம் நீட்டினாள். "நல்லாருக்கும்மா. இன்னொரு துண்டு வை."

கேக் நிறைய இருந்தது. என் கையிலேயே இருந்தது. நான் குனிந்து, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"உங்களுக்கு இது போதும் அத்தை."

அவள் மகள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தட்டை மெல்ல மடிக்கு இறக்கினாள். அவளுக்கு மறக்கவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. பக்கத்து நாற்காலியில்தான் அப்பா இருந்தார். இந்த முறை அவர் என் தோளைப் பிடிக்க எழுந்திருக்கவில்லை. நான் அத்தையின் மடியிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.